பம்பு வயரில இருந்து ஏர்த் றொட் வரைக்கும்: பையில வைக்கிற கணக்குத் தாள் ஒண்டு வேணும்

வட்டை_வயர்மேன் (களுவாஞ்சிக்குடி) கேட்டது:

வட்ஸ்அப்பில சுத்துற எலக்ட்ரிக்கல் பார்முலாச் சார்ட் அநேகமா எல்லாரிட்ட போனிலயும் கிடக்கும். வடிவான கலர், நாலு வட்டம், முப்பத்தாறு பார்முலா. ஆனா அதில 120 வோல்ட், 208 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், வயர் சைஸ் முழுக்க ஏ.டபிள்யூ.ஜி (அமெரிக்க வயர் அளவு) நம்பர். இலங்கையில நமக்கு 230 வோல்ட், 400 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கடையில போய்க் கேக்கிற வயர் ஏழு அறுபத்தேழு (7/0.67). அதை வச்சு வேலை செஞ்சா எங்கயோ பிசகும் எண்டு தெரியுது, எங்கயெல்லாம் பிசகும் எண்டுதான் முழுசாத் தெரியல்ல.

அதால நம்ம பக்கத்து வேலைக்கு உண்மையாத் தேவைப்படுற கணக்கை மட்டும் ஒரு தாளில எழுதி லமினேட் பண்ணி டூல்ஸ் பெட்டிக்குள்ள போடப்போறன். படிப்புக்கு இல்ல, ஏணியில நிக்கக்குள்ள பாக்கிறதுக்கு.

உடனடிக் கேள்வி ஒண்டும் இரிக்கு. படுவான்கரைப் பக்கம் (மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால) ஒரு வட்டைக் (வயல்) கிணத்துக்கு சிங்கிள் பேஸ் பம்பு, ஒன்றரை ஹோர்ஸ்பவர், மோட்டர்ப் பிளேட்டில 9.5 அம்பியர். வீட்டு போர்ட்டில இருந்து கிணத்தடிக்கு வயர் போற நீளம் 90 மீற்றர். போர்ட்டில பகல்ல 212 வோல்ட் காட்டுது. கடைக்காரர் 7/0.67 போதும் எண்டுறார். போதுமா? கணக்கோட சொல்லுங்க.

ஏழு_அறுபத்தேழு (கல்முனை) எழுதியது:

போதாது தம்பி. ஏன் எண்டுறதுக்கு முதல், நம்ம வயர்ப் பேரைச் சதுர மில்லிமீற்றரா மாத்தப் பழகுங்க. அது கைவந்தா மற்றக் கணக்கெல்லாம் லேசு.

பேரில முதல் நம்பர் எத்தனை இழை, ரெண்டாவது ஒரு இழையின்ட விட்டம் மில்லிமீற்றரில. பரப்பு = இழை எண்ணிக்கை × விட்டம் × விட்டம் × 0.785. 1/1.13 எண்டா 1. 7/0.67 எண்டா 2.5. 7/0.85 எண்டா 4, 7/1.04 எண்டா 6, 7/1.35 எண்டா 10, 7/1.70 எண்டா 16. பழைய வீடுகளில 7/029 எண்டு ஒண்டு வரும். அது அங்குலத்தில, கிட்டத்தட்ட 3 சதுர மி.மீ. அதை 2.5 எண்டு நினைச்சா நட்டமில்ல. ஆனா அதைப் பாத்துப்போட்டு அமெரிக்கச் சார்ட்டுக்குப் போகாதீங்க. அங்க 20 அம்பியருக்குச் சொல்ற 12 நம்பர் வயர் 3.3 சதுர மி.மீ. நம்ம 2.5ஐ அதுக்குச் சமமா வைக்கிறவங்கதான் கனபேர்.

இதே பார்முலாவில இன்னொரு பிரயோசனம். விலை குறைஞ்ச கொயில் வந்தா ஒரு இழையை உரிச்சு வேணியர் வச்சு அளவுங்க. 0.67க்குப் பதிலா 0.60 இருந்தா பரப்பு 2.5 இல்ல, 1.98. அஞ்சில ஒரு பங்கு செம்பு காணாது. கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இனி வோல்ட் இழப்பு. புத்தகத்தில அட்டவணை இரிக்கு, ஆனா அட்டவணை பாடமாக்கத் தேவையில்ல. செம்பு வயர், சிங்கிள் பேஸ் எண்டா 44ஐச் சதுர மில்லிமீற்றரால வகுங்க. வாறது ஒரு அம்பியருக்கு ஒரு மீற்றருக்கு எத்தனை மில்லிவோல்ட் இழப்பு எண்டுறது. 2.5க்கு ஏறக்குறைய 18, 4க்கு 11, 6க்கு 7.3, 10க்கு 4.4. பி.எஸ். 7671 (பிரித்தானிய வயரிங் விதிப் புத்தகம்) அட்டவணையில இருக்கிறதும் இதே நம்பர்தான். திரீ பேஸ் எண்டா 44க்குப் பதிலா 38. அலுமினியம் எண்டா சிங்கிள் பேஸுக்கு 72. 16 சதுர மி.மீ வரைக்கும் இது சரி. அதுக்கு மேல பெரிய கேபிளுக்கு அட்டவணையையே பாருங்க.

உங்கட பம்புக்கு: 18 × 9.5 × 90 ÷ 1000 = 15.4 வோல்ட். 230இல 5 வீதம் எண்டா 11.5, லைட்டுக்கு 3 வீதம் எண்டா 6.9. ரெண்டையும் தாண்டிட்டு. 7/0.85 போட்டா 9.4 வோல்ட். 7/1.04 போட்டா 6.2.

அதோட 212இல இருந்து கழிக்கணும் எண்டுறதை மறக்காதீங்க. 230க்கு 6 வீதம் கூடக் குறைய எண்டுறதுதான் மின்சார சபை தரவேண்டிய அளவு, அதாவது 216.2இல இருந்து 243.8 வரை. உங்களுக்கு வாசல்லயே 212. அதில 15.4 போனா கிணத்தடியில 196.6. பம்பு ஓடும், ஆனா வோல்டேஜ் குறையக் குறைய மோட்டர் கரண்ட்டைக் கூட இழுக்கும், கொயில் சூடாகும், ஒரு வேளாண்மைப் போகத்துக்குள்ள வைண்டிங் போகும். மறுகா கம்பெனியைக் குறை சொல்லுவாங்க.

ஸ்டார்ட் பண்ணக்குள்ள இன்னும் மோசம். அஞ்சு மடங்கு எண்டா 47.5 அம்பியர். 2.5 வயரில 90 மீற்றருக்கு 1.62 ஓம். 77 வோல்ட் வயரிலயே போயிரும். 230 வந்தாக்கூட மிச்சம் 153தான். கிளம்பாது.

பிரேக்கர்: 16 அம்பியர் பி ரகம் 48இல இருந்து 80க்குள்ள எங்கயும் உடனே விழலாம். உங்கட ஸ்டார்டிங் கரண்ட் அந்த வாசலிலயே நிக்குது. ஒரு நாள் பிடிக்கும், ஒரு நாள் விழும். சி ரகம் 16 போடுங்க, அது 80க்கு மேலதான் பாக்கும்.

ஸ்டார்டெல்டா (சம்மாந்துறை) எழுதியது:

ஏழு_அறுபத்தேழு காக்கா சொன்ன ஓடுற நேரக் கணக்கு அப்படியே சரி. ஸ்டார்ட் கணக்கில ஒரு திருத்தம்.

77ஐ 230இல இருந்து நேரடியாக் கழிக்க ஏலா. ரெண்டு காரணம். வோல்டேஜ் குறைஞ்ச உடனே மோட்டர் எடுக்கிற ஸ்டார்டிங் கரண்ட்டும் குறையும், 47.5 வராது. மற்றது, கிளம்பக்குள்ள மோட்டரின்ட பவர் பெக்டர் (எடுக்கிற கரண்ட்டில உண்மையா வேலைக்குப் போற பங்கு) குறைவு. வயரில விழுற வோல்டேஜும் மோட்டரில இருக்கிற வோல்டேஜும் ஒரே கோட்டில நிக்காது. 0.6 எண்டு எடுத்துப் போட்டுப் பாத்தா:

மோட்டர் இம்பீடன்ஸ் (மொத்தத் தடை) 230 ÷ 47.5 = 4.84 ஓம். அதில ரெசிஸ்டன்ஸ் பங்கு 2.9, ரியக்டன்ஸ் பங்கு 3.87. வயர் 1.62ஐ ரெசிஸ்டன்ஸோட மட்டும் கூட்டினா 4.52. மொத்தம் √(4.52² + 3.87²) = 5.95 ஓம். கரண்ட் 38.6, மோட்டரில நிக்கிறது 187 வோல்ட். 153 இல்ல.

ஆனா இது 230இல. 212 எண்டா 172. முறுக்கு விசை வோல்டேஜின்ட வர்க்கத்தோட போகும்: (172 ÷ 230)² = 0.56. பாதிக்குக் கொஞ்சம் மேல. 7/1.04 போட்டா அதே இடத்தில 195 வோல்ட், விசை 0.72. சாதாரண சென்ரிபியூகல் பம்பு வெறுமனே கிளம்பக்குள்ள பாரம் குறைவு, 172இலயும் சில நேரம் கிளம்பும். இம்பெல்லருக்குள்ள மணல் இறுகி இருந்தாலோ, மோட்டரை ஓடவிடுற கப்பாசிட்டர் பழசாகி இருந்தாலோ உறுமிக்கொண்டு நிக்கும். "மோட்டர் நேத்து ஓடிச்சு, இண்டைக்கு ஓடல்ல" எண்டுற கேசில கனக்க இப்படித்தான்.

அதால என்ட முடிவு 7/1.04. 7/1.35 போட்டா இழப்பு 3.8க்கு இறங்கும், ஆனா அந்த ரெண்டரை வோல்ட்டுக்குச் செம்புக் காசு கொடுக்கிறது புத்தியில்ல. 16 அலுமினியம் மேலால இழுத்தாலும் 72 ÷ 16 = 4.5, இழப்பு 3.85 வோல்ட், 10 செம்போட ஒண்டுதான். ஆனா செம்போட சேர்ற இடத்தில பைமெட்டல் கனெக்டர் போடாம முறுக்கி டேப் சுத்தினா அந்த மூட்டு ஒரு மாரி தாங்காது.

கேபிளால 212ஐ 230 ஆக்க ஒண்ணா, அதையும் சொந்தக்காரருக்குச் சொல்லிருங்க. மீற்றரடியில பம்பை நிப்பாட்டி ஒருக்கா, ஓடவிட்டு ஒருக்கா அளவுங்க. நிப்பாட்டியும் 212 எண்டா லைனே குறைவு, சபைக்கு எழுதவேண்டிய விஷயம். நிப்பாட்டினா 228, ஓடினா 212 எண்டா வாசல்ல எங்கயோ மூட்டு லூஸ், இல்லாட்டி சேர்விஸ் வயர் மெலிசு. 16 வோல்ட்டை 9.5ஆல வகுத்தா 1.7 ஓம். அவ்வளவு ரெசிஸ்டன்ஸ் ஒரு மூட்டுக்குள்ள இருந்தா அந்த இடத்தில 150 வாட் சூடு. கட்டவுட் (சபை பியூஸ்) மூடிக்குத் தூரத்தில கை வச்சாலே தெரியும். அது சபை சீல் வச்ச இடம், நாம திறக்கப்படாது.

இனி தாளுக்குப் போடவேண்டிய மோட்டர் நம்பர். திரீ பேஸ் 400க்கு, 10 ஹோர்ஸ்பவருக்கு மேல ஒரு ஹோர்ஸ்பவருக்கு ஒன்றரை அம்பியர். 3க்குக் கீழ 1.8 முதல் 2. சின்ன மோட்டரின்ட எபிசியன்சியும் பவர் பெக்டரும் குறைவு, அதுதான் வித்தியாசம். சிங்கிள் பேஸ் ஒரு ஹோர்ஸ்பவருக்கு ஐந்தரை முதல் ஏழு. பிளேட் இருந்தா பிளேட்தான், இது பிளேட் தேஞ்ச மோட்டருக்கு.

ஸ்டார்டெல்டாவில (பெரிய திரீ பேஸ் மோட்டரைக் குறைஞ்ச கரண்ட்டில கிளப்புற ஸ்டார்டர்) அடிக்கடி நடக்கிற பிழை ஓவர்லோட் (கரண்ட் கூடினா மோட்டரை நிப்பாட்டுற ரிலே) செட்டிங். 20 ஹோர்ஸ் மோட்டர், லைன் கரண்ட் 30 எண்டு வைங்க. ஓவர்லோட் மெயின் கொன்டக்டருக்குக் கீழ, மோட்டருக்குப் போற ஆறு வயரில முதல் மூண்டில இருந்தா அதுக்குள்ளால போறது 30 இல்ல, 30 × 0.58 = 17.4. அங்க 30க்குத் திருகி வச்சா ஓவர்லோட் இருந்தும் இல்லாத மாதிரி. உள்வாற லைனில ஓவர்லோட் இருந்தா மட்டும்தான் 30. நெல் ஆலைகளில எரிஞ்ச மோட்டரைக் கழட்டினா முதல்ல பாக்கவேண்டியது அந்தத் திருகாணி எந்த நம்பரில நிக்குது எண்டுதான்.

பவர் பெக்டர் கப்பாசிட்டருக்கு: கேவிஏஆர் = கிலோவாட் × (பழைய டான் − புதிய டான்). டான் எண்டுறது பவர் பெக்டர் கோணத்தின்ட tan. 0.7இல இருந்து 0.95க்கு ஏத்த 0.69ஆல பெருக்கினாச் சரி. 30 கிலோவாட் மில்லுக்கு 20.7. கப்பாசிட்டர் பேங்க் உயிரோட இரிக்கா எண்டு பாக்க கேவிஏஆரை 1.44ஆல பெருக்குங்க, 400 வோல்ட்டில பேஸுக்கு அவ்வளவு அம்பியர் ஓடணும். 20.7க்கு 30 அம்பியர். கிளாம்ப்பில ஒரு பேஸ் 20 காட்டினா உள்ளுக்கு செல் செத்திரிக்கு. 42 கேவிஏக்கு மேல போற ஆலைக்குத்தான் இது காசு விஷயம். அங்க உச்சக் கேவிஏக்கு வேறயாக் காசு. 42 எண்டுற நம்பர் வானத்தால வந்ததில்ல: 60 அம்பியர் திரீ பேஸ் எண்டா 1.732 × 400 × 60 = 41,570 விஏ.

மணல்மேடு (திருக்கோவில்) எழுதியது:

வயர், மோட்டர் பற்றி மேலே நிறைய வந்துவிட்டது. ஏர்த் பற்றி யாரும் தொடவில்லை. அமெரிக்கச் சார்ட்டில் அதைத் தேடினாலும் கிடைக்காது, கிடைத்தாலும் நமக்குப் பொருந்தாது.

நமது வீடுகளில் ஒவ்வொருவரும் தனித்தனி ஏர்த் றொட் (மண்ணுக்குள் இறக்கும் கம்பி) அடித்துக்கொள்கிறோம். பொடி ஷோர்ட் ஆனால் (மெசினின் உலோக உடலில் கரண்ட் ஏறினால்) கரண்ட் மண்ணுக்குள்ளால்தான் டிரான்ஸ்போமருக்குத் திரும்ப வேண்டும். றொட் 30 ஓம் என்றால் 230 ÷ 30 = 7.7 அம்பியர். இது பலர் "நல்ல ஏர்த்" என்று சொல்லும் அளவு. 7.7 அம்பியருக்கு எந்த 16 அம்பியர் பிரேக்கரும் விழாது. மெசின் பொடியில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். ஆகவே "ஏர்த் நல்லா இருக்கு, ட்ரிப் சுவிட்ச் தேவையில்லை" என்பது தலைகீழான பேச்சு. ஆளைக் காப்பாற்றுவது ட்ரிப் சுவிட்ச், அதாவது கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச். றொட் அதற்கு வழி கொடுக்கிறது.

கணக்கு: றொட் ஓம் × ட்ரிப் அம்பியர் 50 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. 30 மில்லி அம்பியர் ட்ரிப்புக்கு 50 ÷ 0.03 = 1667 ஓம். அவ்வளவு வரை தாளில் சரி. நடைமுறையில் 200க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அதற்கு மேலே போன றொட் காய்ந்த மாதத்தில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

மண்ணுக்கு ஏற்ற கணக்கு இதுதான். ஒன்றரை மீற்றர் நீளம், 16 மி.மீ விட்டமுள்ள ஒரு றொட்டின் ஓம் ஏறக்குறைய மண்ணின் ரெசிஸ்டிவிட்டியில் (மண் கரண்ட்டைத் தடுக்கும் அளவு, ஓம்-மீற்றரில்) 0.6 பங்கு. மூன்று மீற்றர் நீளமானால் 0.34 பங்கு. படுவான்கரை வயல் களி ஈரத்தில் 30 ஓம்-மீற்றர் என்று வைத்தால் ஒரு சின்ன றொட்டே 18 ஓம் தரும். எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்) மேட்டு மணல் காய்ந்து 1000 ஓம்-மீற்றருக்குப் போனால் அதே றொட் 600 ஓம். ஒரே ஆள், ஒரே றொட், ஒரே சுத்தியல், வாவியைத் தாண்டினால் முப்பது மடங்கு வித்தியாசம். றொட்டைத் தடிப்பாக்குவது வீண் செலவு, விட்டத்தை இரட்டித்தாலும் பத்து வீதம் சொச்சம்தான் குறையும். நீளத்தைக் கூட்டுங்கள். கடற்கரைப் பக்கம் கீழே தண்ணீர் மட்டம் தூரமில்லை. இணைக்கக்கூடிய றொட்டை அந்த ஈரம் எட்டும்வரை இறக்குவதுதான் வேலை. முடியாவிட்டால் இரண்டாவது றொட்டை முதல் றொட்டின் நீளத்துக்குக் குறையாத தூரத்தில் அடித்து இணையுங்கள், ஏறக்குறைய 0.6 மடங்காகும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அடித்தால் ஒன்றுக்குச் சமம்.

உப்பும் கரியும் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உப்பு முதல் மாரியிலேயே கரைந்து போகும், கிளாம்ப்பை மட்டும் தின்றுவிட்டுப் போகும். கடற்காற்றில் பித்தளைக் கிளாம்ப்பைக் கிரீஸ் பூசிச் சுற்றிக் கட்டி, திறந்து பார்க்கக்கூடிய குழிக்குள் வையுங்கள்.

அளப்பது கச்சான் (தென்மேற்கு) காற்று வீசும் காய்ந்த மாதங்களில். மாரியில் எடுத்த ரீடிங் எல்லாருக்கும் நல்லதாகத்தான் வரும். மூன்று முனைத் டெஸ்டரில் கரண்ட் ஆணியை 20 மீற்றர் தள்ளி அடித்தால் வோல்டேஜ் ஆணி 62 வீதத்தில், அதாவது 12.4 மீற்றரில். அதை இரண்டு மீற்றர் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து ரீடிங் மாறாவிட்டால் நம்பலாம். அளக்கும்போது மெயினை நிறுத்தி ஏர்த் வயரைக் கழற்ற வேண்டும். மறக்காமல் திரும்பப் பூட்டவும் வேண்டும்.

ட்ரிப் சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பட்டன் ஏர்த்தைச் சோதிப்பதில்லை. அது ட்ரிப்பின் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாக விழவைக்கிறது. றொட் வயர் அறுந்து கிடந்தாலும் பட்டன் அழகாக விழும்.

மழை வந்தால் ட்ரிப் விழும் வீடுகளுக்கு இன்னொரு வரி: மில்லி அம்பியர் = 230 ÷ கிலோஓம். ஒரு சேர்க்கிட்டின் இன்சுலேஷன் 20 கிலோஓம் காட்டினால் 11.5 மில்லி அம்பியர் கசிவு. 30 ட்ரிப் 15க்கும் 30க்கும் இடையில் எங்கேயும் விழலாம், ஆகவே இந்த மாதிரி இரண்டு சேர்க்கிட் இருந்தால் போதும். ட்ரிப்பை மாற்றிப் பயனில்லை. வெளிச்சுவர் பிளக், கிணற்றடி சுவிட்ச், உப்புப் படிந்த ஹோல்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் டெஸ்டர்) பாருங்கள்.

பழைய_கட்டவுட் (வாழைச்சேனை) எழுதியது:

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2.5 வயருக்கு 24 அம்பியர், 4க்கு 32, 6க்கு 41 எண்டுறது சுவரில கண்டுயிட்டுக்குள்ள ஒரு சேர்க்கிட் மட்டும் போகக்குள்ள, சுத்துப்புறம் 30 பாகையில. அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழ, சீலிங்குக்கு மேல பகல் ஒரு மணிக்கு 30 பாகையா? 40க்கு 0.87, 45க்கு 0.79, 50க்கு 0.71 எண்டு குறைக்கணும். அதே குழாய்க்குள்ள மூண்டு சேர்க்கிட் திணிச்சா இன்னும் 0.7. 24 × 0.71 × 0.7 = 11.9. அதில 20 அம்பியர் பிரேக்கர் போட்டா வயர்தான் பியூஸ். ஏசிக்குப் போற வயரைக் கூரைக்குள்ளால மற்ற வயரோட சேத்துக் கட்டாதீங்க, தனிக் குழாய் அல்லது ஒரு சைஸ் கூட.

இன்னொண்டு நியூட்ரல். சடங்குக்கும் திருவிழாவுக்கும் ஜெனரேட்டர் வச்சுத் திரீ பேஸில லைட்டைப் பிரிக்கிற ஆக்களுக்கு இது வேணும். நியூட்ரல் கரண்ட் = √(அ² + ஆ² + இ² − அஆ − ஆஇ − இஅ). பேஸ் மூண்டிலயும் 20, 12, 5 ஓடினா: 569 − 400 = 169, நியூட்ரல் 13 அம்பியர். இது பழைய பல்புக் கணக்கு. இப்ப எல்.ஈ.டி லைட் மாலையும் பவர் சப்ளையும் கூட, அவை போடுற மூண்டாம் ஹார்மோனிக் (மூண்டு மடங்கு ஹேர்ட்ஸில ஓடுற கரண்ட்) மூண்டு பேஸிலயும் ஒண்டாச் சேர்ந்து நியூட்ரலுக்கு வரும், கழிபடாது. நியூட்ரலைப் பேஸை விட மெலிசாப் போடவே கூடாது.

நியூட்ரல் கழண்டா என்ன நடக்கும் எண்டுறதையும் தாளில எழுதிவைங்க. ஒரு பேஸில 1000 வாட், மற்றப் பேஸில 200 வாட் எண்டு வைங்க. நியூட்ரல் போன உடனே ரெண்டும் 400க்குக் குறுக்கால தொடர்ச்சியா வந்திரும். 200 வாட் பக்கத்துக்கு 400 × 5 ÷ 6 = 333 வோல்ட். 1000 வாட் பக்கத்துக்கு மிச்சம் 67. பாரம் குறைஞ்ச பக்கம்தான் எரியும், அதுதான் சனத்துக்கு விளங்காத இடம். "ஒண்டும் போடாம இருந்த வீட்டு டிவிதான் போயிட்டு" எண்டா நியூட்ரலைப் பாருங்க.

மீற்றரை வச்சு வாட் அறியிறதும் சொல்றன். சிவப்புப் பல்ப் ஒரு யூனிட்டுக்கு எத்தனை தரம் மின்னும் எண்டு முகப்பில போட்டிருக்கும். வாட் = 3,600,000 ÷ (அந்த எண் × ரெண்டு மின்னலுக்கு இடையில செக்கன்). 1600 எண்டு போட்டு, 2.25 செக்கனுக்கு ஒருக்கா மின்னினா 1000 வாட். பில் கூட எண்டு கூப்பிடுற வீட்டில எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு இதைப் பாருங்க. அப்பவும் மின்னினா எங்கயோ ஒண்டு ஓடுது.

வட்டை_வயர்மேன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 7/1.04 எண்டு சொந்தக்காரருக்குச் சொல்லிட்டன், லைன் வோல்டேஜுக்கு சபைக்கு எழுதவும் சொல்லிருக்கன். தாளின்ட முதல் பாதியை இப்படி எழுதிருக்கன், பிழை இருந்தா சொல்லுங்க:

சிங்கிள் பேஸ் அம்பியர் = வாட் ÷ (230 × பவர் பெக்டர்). திரீ பேஸ் அம்பியர் = வாட் ÷ (693 × பவர் பெக்டர்).
வோல்ட் இழப்பு = 44 ÷ சதுர மி.மீ × அம்பியர் × நீளம் × 2 ÷ 1000. திரீ பேஸுக்கு 38.
4 போல் மோட்டர் வேகம் = 120 × 50 ÷ 4 = 1500, பிளேட்டில 1440 கிட்ட.
கப்பாசிட்டர் மைக்ரோபெரட் = 2652 × அம்பியர் ÷ 230.

ஏழு_அறுபத்தேழு எழுதியது:

ரெண்டாவது வரியில "× 2"ஐ வெட்டுங்க. 44க்குள்ளயே போறதும் வாறதும் ரெண்டு வயரும் அடங்கிட்டு. நீளம் எண்டுறது போர்ட்டில இருந்து கிணத்தடிக்கு ஒரு வழி நீளம் மட்டும். ரெண்டால பெருக்கினா தேவைக்கு மேல பெரிய சைஸ் வரும், கொட்டேஷன் கையை விட்டுப் போயிரும்.

ஸ்டார்டெல்டா எழுதியது:

கடைசி வரியில ரெண்டு பிழை. 2652 அந்த அமெரிக்கச் சார்ட்டில இருந்து வந்தது, அது 60 ஹேர்ட்ஸ். நமக்கு 3183. 2652 வச்சு அளந்தா நல்ல 36 மைக்ரோபெரட் கப்பாசிட்டர் 30 காட்டும், தூக்கி எறிஞ்சிருவீங்க.

மற்றது 230 எண்டு எழுதாதீங்க. ஓடுற மோட்டரில கப்பாசிட்டர் ரெண்டு காலுக்கும் இடையில 230 நிக்காது, கூட நிக்கும். 320 எண்டு வைங்க. கப்பாசிட்டர் வயரில கிளாம்ப் 3.62 அம்பியர் காட்டுது. 3183 × 3.62 ÷ 320 = 36, சரியான கப்பாசிட்டர். 230ஆல வகுத்தா 50 வரும், எங்க இருந்து வந்த 50 எண்டு தலையைச் சொறிய வேண்டியதுதான். அதே நேரத்தில அதே ரெண்டு காலில அளந்த வோல்டேஜைப் போடுங்க. மோட்டரை நிப்பாட்டின பிறகும் சார்ஜ் நிக்கும், கையை வைக்க முதல் ரெசிஸ்டர் ஒண்டால காலை இணைச்சு இறக்குங்க. ஸ்க்ரூட்ரைவரால ஷோர்ட் பண்ணினா காலும் கருகும், ஸ்க்ரூட்ரைவரும் போகும்.